பரு போயிருச்சு, கருப்பு போகல: என் கெமிக்கல் பீல் அனுபவம்

நான் தினமும் காலையில கம்பத்துல பஸ் ஏறி கேரளா எல்லையில இருக்குற குமுளிக்குப் போறவ, அங்க ஒரு ஏலக்கா கடையில பில் போடுற வேலை, ஆறு வருஷமா அதே கடை, அதே பஸ். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பிக்கிற வரைக்கும் இடது பக்க ஜன்னல் சீட்ல உக்காந்தா வெயில் நேரா கன்னத்துல அடிக்கும். இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, கெமிக்கல் பீல், அதாவது ஆசிட்ட பூசி மேல்தோல உரிய வைக்கிறது, அத பண்ணி என் மூஞ்சிக்கு நடந்த கதையில அந்த ஜன்னலுக்கும் ஒரு பங்கு இருக்கு, அது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

பரு எனக்கு பதினெட்டு வயசுல ஆரம்பிச்சுது. தாடை, ரெண்டு கன்னம், நெத்தி ஓரம். 25 ஆகும்போது பரு பெருசா குறைஞ்சிருச்சு, ஆனா வந்த ஒவ்வொண்ணும் போகும்போது ஒரு கருப்புப் புள்ளிய வெச்சுட்டுத்தான் போச்சு, அதுக்கு மேல முகம் முழுக்க ஒரு களையே இல்லாம சாம்பல் பூசின மாதிரி இருக்கும். கடை முதலாளியோட வீட்டம்மாவ நாங்க சேச்சின்னுதான் கூப்பிடுவோம், ரொம்ப நல்ல மனுஷி, புதுசா ஒரு பரு வந்தா "எந்தா மோளே, முகத்து எந்து பற்றி?"ன்னு (என்னம்மா, முகத்துல என்ன ஆச்சுன்னு) பாசமாத்தான் கேப்பாங்க. ஆனா அப்படி கேட்ட நாள் பூரா நான் வர்ற ஆளுங்க முகத்தப் பாத்துப் பேச மாட்டேன், பில் மெஷினையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

இதுக்கு நான் பண்ணாதது இல்ல. தயிர் தடவினேன், கடலமாவு போட்டேன், யூட்யூப் பாத்து எலுமிச்சம்பழத்த நேரா தேய்ச்சேன் (இதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, எலுமிச்ச சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா கொப்புளமே வரலாம், அது ஆறினதுக்கப்புறம் கருப்பு மாசக்கணக்குல நிக்கும்). அப்புறம் மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். பத்து நாள்ல முகம் பளபளன்னு ஆச்சு, நிறுத்தின மறு வாரமே முகம் பூரா பொரிப்பொரியா வந்து எரிய ஆரம்பிச்சுது. அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கு, கூட தோல உரிய வைக்கிற ட்ரெட்டினாய்னும் கருப்ப மங்க வைக்கிற ஹைட்ரோகுயினோனும். 2018லயே 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் எச்ங்குற பட்டியல்ல சேத்துட்டாங்க, அதெல்லாம் எனக்கு அன்னிக்குத் தெரியாது, கேட்டேன், குடுத்தாங்க, எரிச்சல் அடங்கட்டும்னு திரும்பவும் அதையே விட்டு விட்டு போட்டுக்கிட்டே இருந்தேன்.

இப்ப அந்த பார்லர் விஷயத்துக்கு வர்றேன். தை மாசம் மாமா பொண்ணு கல்யாணம். அதுக்கு பத்து நாள் முன்னாடி ஐப்ரோ பண்ணப் போன இடத்துல, "அக்கா, ஃப்ரூட் பீல் ஒண்ணு வந்திருக்கு, ஒரே சிட்டிங்ல மார்க் எல்லாம் போயிரும்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பாட்டில்ல லேபிள் இல்ல. எத்தன பர்சென்ட்னு நானும் கேக்கல, கேக்கணும்னே தெரியாது. நான் என்ன க்ரீம் போடுறேன்னு அந்தப் பொண்ணும் கேக்கல. த்ரெட்டிங் பண்ணி மேல் உதட்டுல முடி எடுத்த அதே கையோட அந்த தண்ணி மாதிரி இருந்தத பூசிவிட்டுச்சு. ரெண்டு நிமிஷத்துல மிளகா தேய்ச்ச மாதிரி எரிச்சல். எரியுதுன்னு சொன்னேன், "எரிஞ்சாத்தான்க்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்"னு சொல்லி ஃபேன கூட்டி வெச்சுது. பத்து நிமிஷத்துக்கு மேல இருந்திருக்கும். கழுவினப்ப மேல் உதடும் இடது கன்னமும் செக்கச்செவேல்னு வீங்கி இருந்துச்சு.

மறுநாள் லீவு போட முடியல. அதே பஸ், அதே ஜன்னல். மூணாவது நாள் தோல் பழுப்பா காஞ்சு ஓரம் தூக்க ஆரம்பிச்சுது, நான் அத நகத்தால உரிச்சேன், ஈரமா சிவப்பா அடித்தோல் தெரிஞ்சுது. கல்யாணத்தன்னிக்கு ஃபவுண்டேஷன் போட்டு ஒப்பேத்தியாச்சு. அடுத்த ரெண்டு வாரத்துல மேல் உதட்டுக்கு மேல மீசை மாதிரி ஒரு கருப்பும், இடது கன்னத்துல ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரு கருப்பும் வந்து உக்காந்துச்சு. பருவால வந்த புள்ளிய விட ரெண்டு மடங்கு கருப்பு. அன்னிக்கு ராத்திரி நான் அழுதத பாத்துட்டு எங்கம்மா எதுவும் சொல்லாம தேங்காண்ணெய் எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

மாசியில தேனிக்குப் போய் ஒரு ஸ்கின் டாக்டரப் பாத்தேன். நாப்பது வயசு இருக்கும் அந்த மேடத்துக்கு. முகத்தப் பாக்குறதுக்கு முன்னாடி கேள்விதான். ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்குமா, வாய் ஓரத்துல அக்கி மாதிரி கொப்புளம் வருமா, உடம்புல எங்கயாவது காயம் பட்டா தழும்பு புடைச்சு வளருமா, கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்ட்டிருக்கியா, வெயில்ல எத்தன மணி நேரம், என்னென்ன க்ரீம். க்ரீம் டப்பாவ பைல வெச்சிருந்தேன், எடுத்துக் குடுத்தேன். பாத்துட்டு "இத போட்டுக்கிட்டு இருக்கும்போதா பீல் பண்ணுன?"ன்னு கேட்டாங்க. அந்த க்ரீம் தோல ஏற்கனவே மெலிசாக்கி வெச்சிருக்கு, த்ரெட்டிங் வேற மேல இருக்குற தோல கிழிச்சிருக்கு, அது மேல ஆசிட்ட ஊத்துனா அது நிக்க வேண்டிய எடத்துல நிக்காம உள்ள எறங்கிருச்சுன்னு பொறுமையா சொன்னாங்க.

அவங்க சொன்னதுல எனக்கு மனசுல பதிஞ்சது இதுதான். கெமிக்கல் பீல்ங்குறது அளவு பாத்து பண்ற ஒரு காயம். தோலோட மேல் அடுக்குல செத்த செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆசிட் அந்த ஒட்ட லேசாக்கும், மேல இருக்குறது கழண்டு விழும், அதோட அதுல ஏறி இருந்த கருப்பும் போகும், கீழ இருந்து புதுத் தோல் வரும். இது எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறத் தோல்ல, நிறம் உண்டாக்குற செல் ரொம்ப உஷாரா இருக்கும். எங்க சூடு பட்டாலும், கிள்ளினாலும், பரு வந்தாலும், எரிஞ்சாலும் அது உடனே கருப்ப கொட்டி வெச்சிரும். வெயிலுக்கு தோல் எப்படி நடந்துக்குதுன்னு வெச்சு ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1975ல ஆரம்பிச்ச கணக்குல, பின்னால சேத்ததையும் சேத்து, தோல் மொத்தம் ஆறு வகை, நம்மூர் ஆளுங்க பெரும்பாலும் நாலு, அஞ்சு. என் பரு மார்க்கே அப்படி வந்ததுதான், அந்த பார்லர் கருப்பும் அப்படி வந்ததுதான். அதாவது நான் எத எடுக்கப் போனேனோ அதையே திரும்ப உண்டாக்கிட்டு வந்திருக்கேன்.

அப்புறம் கண்ணாடிய கையில குடுத்து ரெண்டு விரலால என் கன்னத்த இழுத்துக் காட்டினாங்க. நிறம் மட்டும் மாறி தடவினா சமமா இருக்குறது மார்க், அது பீலுக்கு கேக்கும். தடவினா விரல் எறங்குறது குழி, அது மேலோட்டமான பீலுக்கு கேக்காது, அதுக்கு ஊசி, லேசர்னு வேற வழி. எனக்கு நெத்திப் பொட்டு பக்கத்துல ரெண்டு மூணு குழி இருக்கு. அது போகாதுன்னு மொத நாளே தெளிவா சொல்லிட்டாங்க. இத நீங்களும் வீட்டுலயே கண்ணாடி முன்னாடி நின்னு தடவிப் பாத்துக்கலாம், எத்தனையோ பேர் குழி போகும்னு நெனச்சு பீலுக்கு காசு கட்டிட்டு ஏமாந்து போறாங்க.

நான் அன்னிக்கே பீல் பண்ணுவாங்கன்னு நெனச்சு காசோட போயிருந்தேன். ஆறு வாரம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்க! எரிஞ்ச எடம் மொதல்ல ஆறணும், ஸ்டீராய்டு க்ரீம எப்படி கொறச்சு நிறுத்தணும்னு எழுதிக் குடுத்தாங்க, தோல் கொஞ்சம் அடங்கினதும் ராத்திரிக்கு ஒரு க்ரீம், பகலுக்கு சன்ஸ்கிரீன். இத ப்ரைமிங்னு சொல்வாங்களாம், தோல தயார் பண்றது, ரெண்டுல இருந்து நாலு வாரமாவது வேணும். வயலுக்கு உழவு மாதிரின்னு நான் எங்கம்மாகிட்ட சொன்னேன். சன்ஸ்கிரீன்ல நான் அதுவரைக்கும் பட்டாணி அளவு எடுத்து கன்னத்துல மட்டும் தடவுவேன். ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கணும், முகமும் கழுத்தும் சேத்து அம்புட்டு வேணும். குமுளியில மேகமாத்தானே இருக்கு, கடைக்குள்ளதானே இருக்கேன்னு கேட்டேன். தோல கருக்க வைக்கிற யூவிஏங்குற வெயில் கதிர் மேகத்துலயும் வரும், ஜன்னல் கண்ணாடியிலயும் வரும்னாங்க. நம்ம தோல கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் கூட கருக்க வைக்குமாம், அதனால அயர்ன் ஆக்சைடு கலந்த, கலர் இருக்குற சன்ஸ்கிரீன் நல்லதுன்னு எழுதிக் குடுத்தாங்க. மறுநாள்ல இருந்து நான் பஸ்ல வலது பக்கம்.

மொத பீல் பங்குனி கடைசியில. சாலிசிலிக் ஆசிட் 20 பர்சென்ட். எனக்கு இன்னும் தாடையில பரு வந்துக்கிட்டு இருந்ததால இத எடுத்தாங்க, இது எண்ணெயில கரையுற ஆசிட், அதனால எண்ணெய் அடைச்ச துவாரத்துக்குள்ள போகும். இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல, ஜெர்மனியில உன்னாங்குற தோல் டாக்டர் 1882லயே சாலிசிலிக், ஃபீனால், டிசிஏ (ட்ரைகுளோரோ அசிடிக் ஆசிட்) எல்லாத்தையும் தோல் உரிக்க எப்படி பயன்படுத்தலாம்னு எழுதி வெச்சிருக்காரு. எனக்கு கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரத்துல எல்லாம் வாசலின் வெச்சாங்க, ஏன்னா அங்கதான் ஆசிட் தேங்கும். முகத்த எண்ணெய் போக தொடச்சிட்டு பிரஷ்ல நெத்தியில ஆரம்பிச்சாங்க. எரிச்சல் இருந்துச்சு, ஆனா "பத்துக்கு எத்தன?"ன்னு அரை நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் நாலு, அஞ்சு, அப்புறம் மூணுன்னு சொன்னேன், நர்ஸம்மா சின்ன ஃபேன முகத்துக்கு நேரா புடிச்சிருந்தாங்க. முகம் பூரா பவுடர் அடிச்ச மாதிரி வெள்ளையாச்சு. பயந்துட்டேன். அது ஆசிட் காஞ்சு உப்பா படியுறது, தோல் வெந்தது இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. சாலிசிலிக்குக்கு தனியா முறிக்கிற மருந்து வேணாம், தானா நின்னுரும். கிளைகாலிக்னு இன்னொரு ஆசிட் இருக்கு, அது அப்படி இல்ல, அத நேரம் பாத்து ஆப்பசோடா தண்ணியால முறிக்கணும், முறிக்கலைன்னா உள்ள போய்க்கிட்டே இருக்கும். ஃபோன்ல டைமர் வெச்சிருந்தாங்க. பார்லர்ல என் முகத்துல என்ன ஆசிட் இருந்துச்சு, அத முறிக்க ஏதாவது வெச்சிருந்தாங்களான்னு நான் அப்பத்தான் நெனச்சுப் பாத்தேன், உடம்பு சிலிர்த்துருச்சு.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல, முகம் இறுக்கமா மட்டும் இருந்துச்சு. மூணாவது நாள் வாய் ஓரத்துல இருந்து வெள்ளையா பொடிப்பொடியா உரிய ஆரம்பிச்சு ஒரு வாரத்துல முடிஞ்சிருச்சு. இந்த தடவை கை வைக்கல. கை வைக்காம இருந்ததுதான் இந்த ஒட்டுமொத்த விஷயத்துலயும் கஷ்டமான வேலை, ராத்திரி தூக்கத்துல உரிச்சிருவேனோன்னு நகத்த ஒட்ட வெட்டிக்கிட்டேன். வெறும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், சோப்பு இல்லாத கழுவுறது ஒண்ணு. ராத்திரி க்ரீம் ஒரு வாரம் கிடையாது. த்ரெட்டிங், பிளீச், ஃபேஷியல் எதுவும் கிடையாது, பீலுக்கு முன்னாடி ஒரு வாரமும் கிடையாது. ஒரு தடவைக்கு 1800 ரூபா குடுத்தேன், என் சம்பளத்துக்கு அது பெருசுதான், அதனாலயே சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேன்.

ரெண்டாவது சித்திரையில, அதே சாலிசிலிக். மூணாவதுக்கு, தேனி பக்கத்துல நடக்குற வீரபாண்டி மாரியம்மன் திருவிழா முடிஞ்ச கையோட போனேன். எங்க வீட்டுல தீச்சட்டி நேர்த்திக்கடன், சித்திர வெயில்ல நாங்க எல்லாரும் கூட நடந்தோம், முகம் ரெண்டு ஷேடு கருத்திருந்துச்சு. டாக்டர் பாத்ததும் "இன்னிக்கு பண்ண மாட்டேன்"னுட்டாங்க. கம்பத்துல இருந்து தேனிக்கு பஸ்ல வந்திருக்கேன், லீவு போட்டிருக்கேன், கோவம் வந்துச்சு எனக்கு. வெயில்ல கருத்த தோல் மேல ஆசிட் வெச்சா திரும்ப அந்த ரூபா காசு வந்துரும்னு சொல்லி கன்சல்டேஷன் காசு கூட வாங்காம அனுப்பிட்டாங்க. காசு வாங்கிக்கிட்டு பண்ணிவிட்டிருக்கலாம், யாரு கேக்கப் போறா. பண்ண மாட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு அவங்க மேல முழு நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் ஜூன்ல மழை பிடிச்சுருச்சு, குமுளியில நாள் பூரா சாரல், அதான் பீலுக்கு நல்ல நேரம்னாங்க. மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு தடவை கிளைகாலிக். மொத ரெண்டும் 20 பர்சென்ட் ஒரு நிமிஷம், அப்புறம் 35, கடைசியில ரெண்டு நிமிஷம். கரும்புல இருக்குற ஆசிட் வகைதான் கிளைகாலிக், தயிர்ல லாக்டிக், எங்க ஊர் கொடிமுந்திரில (திராட்சை) டார்டாரிக், பாதாம்ல இருந்து மாண்டலிக், எல்லாம் ஒரே குடும்பம். இதுல கிளைகாலிக் மூலக்கூறுதான் இருக்குறதுலயே சின்னது, அதனால சீக்கிரம் உள்ள போகும், மாண்டலிக் பெருசு, மெதுவா போகும், அதனால சென்சிட்டிவான தோலுக்கு அத எடுப்பாங்க. இதக் கேட்டுட்டு எங்க சித்தி பொண்ணு ஆன்லைன்ல பீல் பாட்டில் வாங்கி வீட்டுலயே பண்ணப் போறேன்னு நின்னா. நான் சண்டையே போட்டேன். 2024 ஜூலைல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏவே இத பத்தி எச்சரிக்கை குடுத்துச்சு, கடைகள்லயும் ஆன்லைன்லயும் விக்கிற அதிக பவர் ஆசிட் பீல டாக்டர் மேற்பார்வை இல்லாம வாங்கிப் போடாதீங்க, தோல் வெந்து போகலாம்னு. பர்சென்ட் ஒண்ணா இருந்தாலும் பிஹெச், அதாவது அமிலத்தன்மையோட அளவு, வேறன்னா எரியுற அளவே வேற. அது பாட்டில் மேல போட்டிருக்குமாங்குறதே சந்தேகம்.

இன்னொண்ணு, நிறம். மூணாவது பீல் அப்ப நான் தயங்கித் தயங்கி "மேடம், கொஞ்சம் வெள்ளையாவேனா?"ன்னு கேட்டேன். அவங்க என் கைய திருப்பி முழங்கைக்கு மேல உள்பக்கத்த காட்டி "இதான் உன் நிறம், அதுக்கு மேல எதுவும் வெள்ளையாக்காது, ஆக்குறேன்னு சொல்றவங்கள நம்பாத"ன்னாங்க. அப்பத்தான் மலப்புறத்துல நடந்தத சொன்னாங்க. 2023ல அங்க கிட்னி பழுதாகி வந்த ஆளுங்கள விசாரிச்சா பல பேர் பாதரசம் கலந்த ஃபேர்னஸ் க்ரீம் போட்டவங்க, ரத்தத்துல பாதரசம் எக்கச்சக்கம். அதுக்கப்புறம் கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா'ன்னு கடை கடையா சோதனை பண்ணுச்சு. நான் சேச்சிகிட்ட சொன்னேன், அவங்க அன்னிக்கு சாயங்காலமே மக ரூம்ல இருந்த பேர் புரியாத ரெண்டு டப்பாவ எடுத்து குப்பையில போட்டாங்க.

இப்ப எப்படி இருக்குன்னா, ஆறு பீல் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. பரு மார்க் முக்காவாசி போயிருச்சு. சாம்பல் பூசின மாதிரி இருந்த அந்த களையில்லாத தன்மை ரெண்டாவது பீலுக்கே போயிருச்சு, அதுதான் ரொம்ப சீக்கிரம் சரியானது. உதட்டு மேல இருந்த பார்லர் கருப்பு நல்லா மங்கிருச்சு, கன்னத்துல இருக்குறது உத்துப் பாத்தா தெரியும், அது ஆழமா எறங்கிருக்கு, இன்னும் மாசங்கள் ஆகுமாம். பீரியட்ஸ் சமயத்துல தாடையில ஒண்ணு ரெண்டு பரு இன்னமும் வருது, அத பீல் நிறுத்தாது. குழி அப்படியே இருக்கு. அதுக்கு டிசிஏ க்ராஸ்னு ஒண்ணு இருக்கு, 2002ல கொரியா டாக்டருங்க எழுதினது, அதிக பவர் டிசிஏவ குச்சி முனையில தொட்டு குழிக்குள்ள மட்டும் வைக்கிறது. நம்ம தோல்ல அதுக்கும் கருக்குற ஆபத்து இருக்கு. வேணுமான்னு டாக்டர் கேட்டாங்க, இப்ப வேணாம்னு சொல்லிட்டேன். பயத்துல சொல்லல, அந்த குழிய பாத்தா எனக்கு இப்ப ஒண்ணும் தோணல.

போன மாசம் எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். அவங்க இருவது வருஷமா விடியக்காலையில ஜீப்ல கம்பமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு போறவங்க, ரெண்டு கன்னத்துலயும் மங்கு படர்ந்திருக்கு. அம்மாவுக்கும் பீல் பண்ணிரலாம்னு நான் காசு சேத்து வெச்சிருந்தேன். டாக்டர் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க, தெனமும் வெளிய நிக்கிறவங்களுக்கு பீல் பண்ணா மங்கு இன்னும் அதிகமாகலாம், மொதல்ல மூணு மாசம் சன்ஸ்கிரீன், தலைக்கு அகலமா தொப்பி, ராத்திரிக்கு ஒரு க்ரீம், அப்புறம் பாப்போம்னாங்க. "எனக்கெதுக்குத்தா இதெல்லாம், வயசா போச்சு"ன்னு அம்மா டாக்டர் ரூம்லயே சொன்னாங்க, ஆனா டியூப வாங்கி பையில பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. இப்ப அஞ்சரைக்கு ஜீப் வர்றதுக்கு முன்னாடி லைட்ட போட்டு, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, கழுத்து வரைக்கும் தேய்க்கிறாங்க, மதியச் சோத்துக்கு அப்புறம் இன்னொருக்கா. ஜீப்ல கூட வர்ற அக்காங்களுக்கும் குடுக்கிறாங்க போல, மூணு வாரத்துலயே டியூப் தீந்துருச்சு. நாளைக்கு குமுளியில இருந்து வரும்போது ரெண்டா வாங்கிட்டு வரணும்.